எழுபத்தோராம் பார்

முருகன்குறிச்சியில் பாக்கியதாஸ் பல் ஆஸ்பத்திரி
ஞாயிறு ஆறு மணிக்குமேல் எங்களுக்கு.
கம்ப்ரஸரை அணைத்தாயிற்று,
கிராம்பெண்ணெய் வாசம்தான் அணையவில்லை.
நோயாளி நாற்காலிமேல் வயலின் பெட்டிகள்.
சுழலும் ஸ்டூலில் டாக்டர், முழங்கால்களுக்கிடையில் செல்லோ.
முதல் வயலின் ஜெயசீலி, கூட்டுறவு வங்கி.
இரண்டாவது கோமதிநாயகம் சார்,
முப்பது வருஷம் வர்ணமும் கீர்த்தனையும் வாசித்த கை.
வியோலா நான்.
பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் யாரும் எடுக்காமல் கிடந்தது,
எனக்கு வந்தது.

மூன்று வாரமாக எழுபத்தோராம் பாரில் விழுகிறோம்.

எவனோ ஒரு ஜெர்மன்காரன்
சி மைனரில் வீடு கட்டிவிட்டு
சுவர்களை அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்துகிறான்.
செல்லோ ஒரு படி இறங்கும், நான் நிற்பேன்.
ஜெயசீலி ஒரு படி இறங்குவாள், நான் நிற்பேன்.
நின்ற இடத்திலேயே நின்றவள்
வேறு வீட்டில் இருப்பேன்.

"சுருதி எங்கம்மா கெடக்கு?"
வில்லைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார் சார்.
"எங்களுக்கு ஒரு ஸா உண்டு.
எங்க சுத்தினாலும் அது பின்னால ஓடிக்கிட்டே இருக்கும்.
இவன் ஸாவையே தூக்கிட்டுப் போறானே."

"அது காதுல கேக்காது சார்," என்றாள் ஜெயசீலி.
"எப்ப வரும் எப்ப வரும்னு இருக்கோம்லா,
அதான் இவனுக்குச் சுருதி."

டாக்டர் மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதினார்:
பி, டி, எஃப், ஏ ஃபிளாட்.
நாலும் சம தூரம். நாலில் எதுவும் வாசல்.
எனக்கு அது ஜங்ஷன்.
நான் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கும் இடம்
(பெண்ணுக்கும் அதே பேர்தான்).
மணியாச்சி, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில்.
நிற்கிற வண்டியைப் பார்த்து
அது போகும் ஊரைச் சொல்ல முடியாது.
தண்டவாளத்தின் நாக்கு
நாலு விரற்கடை நகரவேண்டும்.

என் சுரம் அந்த ஏ ஃபிளாட்.
வழக்கப்படி ஜி-க்கு இறங்கி
சி மைனருக்குள் போய்ச் செருப்பைக் கழற்றவேண்டியது.
அடுத்த பாரில் அதையே
ஜி ஷார்ப் என்று எழுதி வைத்திருக்கிறான்.
நடுவில் ஒரு வளைகோடு: வில்லை எடுக்காதே.
விரல் அங்கேயேதான்.
ஆனால் இனி அது இறங்கக் கூடாது, ஏறவேண்டும்.

"பியானோல ரெண்டும் ஒரே கட்டைதானே," என்றார் டாக்டர்.
சார் ஒப்பவில்லை.
"எறங்கப் போற சுரம் எறங்குற மாதிரியேதான் நிக்கும்.
ஏறப் போறது கொஞ்சம் ஏறித்தான் நிக்கும்.
ஒரு மயிரிழை, அவ்வளவுதான்.
பேரு மாறும்போது நகத்திப் பாருங்க."

சர்டிபிகேட்டில் பேச்சித்தாய்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் தெபோராள்.
வேலை முதல் பேருக்கு வந்தது.
திருவிருந்து இரண்டாம் பேருக்கு.
யாராவது கேட்டால் ஒரே ஆள்தானே என்பேன்,
ஒரே கட்டை என்கிற மாதிரி.
மஸ்டர் ரோலில் கூப்பிடும்போதும்
கோயிலில் கூப்பிடும்போதும்
உள்ளே எது நகர்கிறது, எந்தப் பக்கம் என்று
எனக்குத் தெரியும்.
சாரிடம் அதைச் சொல்லவில்லை.

நகர்த்தினேன்.
கம்பி என் விரலுக்கடியில்
தண்ணீர் ஏறும் படித்துறைபோல் லேசாக வெளுத்தது.
நாலு பேரும் ஏ மைனரில் இருந்தோம்.
டாக்டர் ஒரு கணம் தாமதமாக.

சி-க்குத் திரும்ப அவனுக்கு நாற்பது பார் பிடிக்கிறது.
திரும்பியதும் சார் கண்ணை மூடினார்,
தம்பூராவில் சாய்கிறவர்போல.
உடனே திறந்து,
"இன்னொரு தரம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரல" என்றார்.

பத்து மணிக்கு எனக்கு டியூட்டி.
ஆற்றுப் பாலத்தில் லாரி குறுக்கே நின்று
பஸ் மாட்டிக்கொண்டது,
பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே, தண்ணீருக்கு மேல்.
மூடிய உதட்டுக்குள் அந்தச் சுரத்தைப் பிடித்தபடி இருந்தேன்.
எந்தப் பேரில் என்று முடிவு செய்யவில்லை.
டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.
எஞ்சின் அரைச்சுரம் ஏறியது.